எழுபதும் பதினாலும்

பிப்ரவரி 6
கப்பலில்

மச்சான் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று ஆறு நிமிஷம் போன் கிடைத்தது. அதில் நாலு நிமிஷம் உங்கள் தங்கச்சி சிரித்தாள். என்ன என்று கேட்டால், "அண்ணன் உங்க சுருட்டையெல்லாம் பால்கனியில காயப் போட்டுட்டாருங்க, துணி மாதிரி" என்கிறாள். உங்களிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். "நீங்க ரெண்டு பேரும் கத்திக்கிறதுக்கு என்னோட ஆறு நிமிஷம்தான் கெடைச்சுதா? லெட்டர் எழுதிக்கோங்க" என்று வைத்துவிட்டாள். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் கத்த முடியாது என்று யார் சொன்னது? கத்துகிறேன், கேளுங்கள்.

கிளம்புவதற்கு முன் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன். சுருட்டுப் பெட்டி மூடிக்குள் இருக்கும் ஈர மீட்டர் என்ன காட்ட வேண்டும், குறைந்தால் ஸ்பாஞ்சை எப்படி நனைக்க வேண்டும், குழாய்த் தண்ணீர் கூடாது, டிஸ்டில்டு வாட்டர்தான், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று எதை விட்டேன்? மீட்டர் சரியானதுதானா என்று உங்கள் கண் முன்னால் சோதித்தும் காட்டினேன். பாட்டில் மூடியில் உப்பு, நாலு சொட்டுத் தண்ணீர், மீட்டரோடு சேர்த்துப் பையில் கட்டி எட்டு மணி நேரம். எழுபத்தைந்து காட்டினால் மீட்டர் சரி. காட்டியது. நீங்களும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினீர்கள். எதற்குத் தலையாட்டினீர்கள்?

இருபத்து நாலு சுருட்டு, மச்சான். பதினோரு வருஷமாக, ஒவ்வொரு பயணத்துக்கும் ஒன்று இரண்டாகச் சேர்த்தவை. எஞ்சின் அறையில் எண்ணெயும் சூடும் குடிக்கிறவன் நான், ஒன்றைக்கூடப் பற்ற வைத்ததில்லை. கப்பலே வேண்டாம் என்று நிரந்தரமாகக் கரையிறங்கும் நாளில் முதல் சுருட்டை அந்தப் பால்கனியில் உட்கார்ந்து பிடிப்பதாக இருந்தேன். அதே பால்கனியில் நீங்கள் காயப் போட்டிருக்கிறீர்கள்.

என்ன நடந்தது, எத்தனை வெடித்திருக்கிறது, மீட்டர் இப்போது என்ன காட்டுகிறது என்று உடனே எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சியின் கணவன்


பிப்ரவரி 19
வீட்டில்

மாப்பிள்ளைக்கு,

நான் நலம். தங்கச்சியும் நலம். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

இனி என் அறிக்கை. தானியக் குடோனில் முப்பத்தொரு வருஷம் தரப் பரிசோதகனாக இருந்தவன் அறிக்கை எழுதாமல் கடிதம் எழுத மாட்டான்.

ஜனவரி மாதம் வரை உங்கள் பெட்டியைக் கவனித்தது தங்கச்சி. மருந்துக்கடையில் வேலை முடிந்து வரும்போது டிஸ்டில்டு வாட்டரும் அவளே வாங்கி வருவாள். ஜனவரி பதினொன்றாம் தேதி, "இனிமே இந்தச் சனியனை நீயே பாரு" என்று சாவியை என் கையில் கொடுத்தாள். அன்றுதான் முதல் முறையாகத் திறந்தேன். மீட்டர் எழுபது காட்டியது.

எழுபது, மாப்பிள்ளை! எங்கள் குடோனில் ஈரம் பதினாலைத் தாண்டினால் மூட்டையை உள்ளே விட மாட்டேன். அதற்காகவே எனக்குப் 'பதினாலு சார்' என்று பட்டப்பெயர். லாரிக்காரன் கெஞ்சுவான், மேலதிகாரி மிரட்டுவான், பதினாலரை என்றால்கூடத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வெள்ளத்தில் முழுகின மூட்டைகூட என்னிடம் எழுபது காட்டியதில்லை. உள்ளே கையை விட்டால் முளைத்திருக்கும் என்று நினைத்தேன்.

உங்கள் நாலு பக்கத்தையும் படித்தேன். படிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். நீங்கள் ஏழு எழுதுகிற லட்சணத்தில் உங்கள் 70 எனக்கு 10 என்று தெரிந்தது. பத்து கொஞ்சம் கறார்தான், ஆனால் விலை உயர்ந்த சரக்கு, இருக்கட்டும் என்று மதித்தேன். அன்றைக்கு உப்போடு எழுபத்தைந்து காட்டியதே என்கிறீர்கள். உப்புத் தண்ணீர் எழுபத்தைந்து காட்டாமல் வேறு என்ன செய்யும்?

தினம் மூன்று மணி நேரம், மூன்று நாள், ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு வெயிலில் வைத்தேன். காக்கை வராமல் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஷூ பெட்டியில் வருமே, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள், அதில் ஒன்பது சேர்த்து உள்ளே போட்டேன். இப்போது மீட்டர் முப்பத்தொன்று. பத்துக்கு இறக்க முடியவில்லை, அதற்கு மட்டும் மன்னிக்கவும்.

இருப்பு: பத்தொன்பது. மேல் இலை வெடித்தவை நாலு.

அறிக்கை முடிந்தது. இனி நான் கேட்கிறேன். ஸ்பாஞ்சுக்கு ஒரு பக்கம், தண்ணீருக்கு ஒரு பக்கம், மீட்டருக்கு ஒன்றே கால் பக்கம். கடைசிப் பக்கத்தில் அடியில் இடம் மிச்சம் இருந்திருக்கிறது. அங்கே எழுதியிருக்கிறீர்கள்: 'அவளையும் பார்த்துக்கோங்க.' அவளை என்றுகூட இல்லை. அவளையும்! சுருட்டோடு சுருட்டாக என் தங்கச்சியையும்! அந்த 'யும்'மைப் பார்த்து என் வயிறு எரிந்தது. எழுதினவருக்குத் தெரியாது, படித்தவளுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
பதினாலு


மார்ச் 4
கப்பலில்

மச்சான்,

முப்பத்தொன்றா? பத்துக்கு இறக்க முடியாததற்கு மன்னிப்பு வேறா? உங்கள் கடிதத்தை எஞ்சின் அறையில் நின்று படித்தேன். நான் கத்திய கத்தலில் கீழே வேலை செய்த பையன்கள் பாய்லர் வெடித்துவிட்டது என்று ஓடி வந்தார்கள்.

அந்த மீட்டர் காட்டுவது காற்றின் ஈரம். காற்று! பெட்டிக்குள் இருக்கும் காற்று! இலைக்குள் இருக்கும் ஈரம் அல்ல. காற்று எழுபதில் நின்றால் இலை மிருதுவாக இருக்கும். அதிகமானால் பூஞ்சை பிடிக்கும், குறைந்தால் காகிதமாகி வெடிக்கும். முப்பத்தொன்றில் அது சுருட்டே இல்லை, அடுப்பு பற்ற வைக்கிற சருகு. முப்பத்தொரு வருஷம் மூட்டைக்குள் கம்பியைக் குத்திக் குத்தி உங்கள் மூளையும் மூட்டையாகிவிட்டது. தெரியாது என்றால் கேட்க வேண்டும். பக்கத்திலேயே கேட்க ஆள் இருக்கிறாள். உங்களுக்குக் கேட்டுப் பழக்கம் இல்லை, சீல் குத்தித்தான் பழக்கம்.

அது போகட்டும். பத்தொன்பது என்று எழுதிவிட்டுச் சாதாரணமாக அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் வைத்தது இருபத்து நாலு. ஐந்து எங்கே? வெயிலில் ஆவியாகிவிட்டதா? பாலுக்குப் பூனையைக் காவல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பிடித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். திருடிவிட்டு எனக்கு 'யும்' பற்றி இலக்கணம் சொல்லித் தருகிறீர்கள்.

உங்கள் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னவன் நான்தான். இப்போது போகச் சொல்கிறவனும் நான்தான். நான் வரும்போது வாசலில் உங்கள் செருப்பு இருக்கக் கூடாது.

நான் வருவது இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போகிறது. எனக்குப் பதிலாக ஏற வேண்டிய இன்ஜினியர் வரவில்லை. அவளிடம் சொல்லிவிட்டேன். இடம் தேட உங்களுக்கும் அவகாசமாக இருக்கும்.


மார்ச் 20
வீட்டில்

ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே பெட்டியைக் கட்டிவிட்டேன். இரண்டு பெட்டி, ஒரு குடை. ஐந்து நாளாக வாசலில் நிற்கின்றன.

நான் ஏன் இன்னும் நிற்கிறேன் என்று கேட்பீர்கள். தங்கச்சி என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போகிறாள். மாலையில் வந்து திறக்கிறாள். அறுபத்திரண்டு வயதுக்காரனைப் பூட்டி வைக்கிறாயே என்று கத்தினேன். "நீயும் போயிட்டா நான் சுவரோடதான் பேசணும். இருக்கிறவனையாவது பூட்டி வெச்சுக்கறேன்" என்றாள்.

எனவே இருக்கிறேன். உங்கள் வீட்டில் இருப்பதாக நினைக்க வேண்டாம். என் தங்கச்சி வீட்டில் இருக்கிறேன். உங்களுடையது கப்பல்.

வாழ்நாளில் நான் பீடிகூடத் தொட்டதில்லை. ஒரு தானியத்தை வாயில் போட்டுப் பார்த்தால்கூட அதைப் பதிவேட்டில் எழுதியவன். கணக்கை மறைக்க நினைத்திருந்தால் இருபத்து நாலு என்றே எழுதியிருப்பேன். அது உங்கள் மண்டையில் ஏறவில்லை.

ஐந்தும் எங்கே போயின என்று எனக்குத் தெரியும். நீங்கள் கேட்கவில்லை, தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். கேட்காதவருக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.


ஏப்ரல் 9
கப்பலில்

மச்சான்,

இந்தக் கடிதத்தைக் கிழித்துக் கிழித்து மூன்றாவது முறை எழுதுகிறேன். முதலில் உங்கள் மேல் கோபம் வந்தது, பிறகு என் மேல் வந்தது. இப்போது யார் மேல் என்று தெரியவில்லை, ஆனால் இருக்கிறது.

இந்தத் துறைமுகத்தில் கோதுமை ஏற்றுகிறோம். சரக்கு அறையின் காற்றாடி மோட்டார் நின்றுவிட்டது என்று என்னை மேலே கூப்பிட்டார்கள். பதினோரு வருஷத்தில் சரக்கு அறைக்குள் தலையை நீட்டியதை விரல் விட்டு எண்ணலாம். அங்கே சரக்கைச் சோதிக்க ஒரு ஆள் வந்திருந்தார். நீண்ட கம்பியைக் கோதுமையில் குத்தினார். பதினாலு காட்டியது. சரி, நம்ம மச்சானின் தம்பி இங்கேயும் ஒருவன் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து அவர் பையிலிருந்து இன்னொரு மீட்டரை எடுத்துக் கோதுமைக்குள் புதைத்துக் கொஞ்ச நேரம் விட்டார். அது எழுபது காட்டியது.

ஏன் இரண்டும் இரண்டு விதமாகக் காட்டுகிறது என்று கேட்டேன். என்னைப் பள்ளிக்கூடப் பையனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதான் சார். தானியத்துல பதினாலு ஈரம் இருந்தா அதைச் சுத்தி இருக்கிற காத்து எழுபதுல வந்து நிக்கும். கம்பி உள்ள குத்திச் சொல்லுது, இந்த மீட்டர் சுத்தி இருக்கிற காத்தைப் பார்த்துச் சொல்லுது." புகையிலைக்கு எப்படி என்று கேட்டேன். ஏறக்குறைய இதே கணக்குதான் என்றார்.

அதாவது என் எழுபதும் உங்கள் பதினாலும் ஒன்று. என் சுருட்டு நீங்கள் சொன்ன பதினாலில்தான் இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது. நாம் இரண்டு பேரும் ஒன்றையே சொல்லிக்கொண்டு இரண்டு மாதமாக அடித்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் எரிச்சல் என்னவென்றால், உங்களிடம் சொந்தமாகக் கம்பி மீட்டர் இருக்கிறது. ஒரே ஒரு சுருட்டில் குத்திப் பார்த்திருந்தால் பதினாலு என்று காட்டியிருக்கும், சலாம் போட்டுவிட்டு மூடியிருப்பீர்கள். ஏன் குத்தவில்லை? உலகத்தில் உள்ள மூட்டையையெல்லாம் குத்தினவர்!

சரி. மூளை மூட்டையாகிவிட்டது என்று எழுதியது அதிகம். பூனை என்றதும் அதிகம். உங்கள் பெட்டியையும் குடையையும் உள்ளே எடுத்து வையுங்கள்.

சுருட்டை மீட்க முடியும். ஆனால் அவசரப்பட்டால் உள் இலை வீங்கி மேல் இலை கிழிந்துவிடும். பொட்டலங்களைத் தூக்கிப் போடுங்கள். ஸ்பாஞ்சைப் பாதி மட்டும் நனைத்து முதல் இரண்டு வாரம் ஐம்பதுக்குக் கொண்டு வாருங்கள். அடுத்த இரண்டு வாரம் அறுபது. அதன் பிறகுதான் எழுபது. இந்த முறை எழுத்தால் எழுதியிருக்கிறேன், எண்ணால் அல்ல.

கம்பெனி இன்னும் மூன்று மாதம் இருக்கச் சொல்கிறது. நான் பதில் சொல்லவில்லை. யோசிக்கிறேன்.

இப்போது கேட்கிறேன். ஐந்து எங்கே?


ஏப்ரல் 27
வீட்டில்

மாப்பிள்ளைக்கு,

கேட்டீர்கள். சொல்கிறேன்.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். ஏன் குத்தவில்லை என்றால், குத்தினால் ஓட்டை விழும். அடுத்தவர் பதினோரு வருஷம் சேர்த்த பொருளில் ஓட்டை போட எனக்குக் கை வரவில்லை. மூட்டை வேறு, இது வேறு என்று மரியாதை கொடுத்தேன். மரியாதை கொடுத்துக் கெடுத்தேன். தப்பு என்னுடையதுதான். முப்பத்தொரு வருஷம் பதினாலு பதினாலு என்று கத்தினவனுக்கு, அதைச் சுற்றி இருக்கும் காற்று எழுபது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இனி ஐந்து.

செப்டம்பரில் நீங்கள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "ஒரே மாசம்தான்" என்று போனில் சொன்னீர்கள். அன்று மாலை அவள் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்தாள். துணி வெட்டும் கத்தரிக்கோலால் நுனியை வெட்டிப் பற்ற வைத்தாள். பால்கனியில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, இருமி இருமி, கண்ணில் தண்ணீர் வழிய முக்கால் மணி நேரம் பிடித்து முடித்தாள். அக்டோபரில் மறுபடி ஒரு மாதம் என்றீர்கள், ஒன்று போனது. நவம்பரில் கப்பல் மாறினீர்கள், ஒன்று. டிசம்பரில் ஒன்று. ஜனவரி முதல் வாரத்தில் ஒன்று. அதோடு வெறுத்துப் போய்த்தான் சாவியை என்னிடம் எறிந்தாள்.

இரண்டாவது தடவையே நான் கேட்டேன். "பிடிக்கலைன்னா தூக்கிப் போட்டுடேன், எதுக்கு இந்த அவஸ்தை?" என்றேன். "பிடிக்குதான்னு யார் கேட்டா? கரையிறங்குற நாளுக்கு, கரையிறங்குற நாளுக்குன்னு இதைத்தானே காட்டறார்? ஒவ்வொண்ணா தீர்ந்துட்டா அப்புறம் எதைக் காட்டுவார்னு பார்க்கறேன்" என்றாள். அவர் கேட்டால் சொல், கேட்காமல் சொல்லாதே என்றும் சொன்னாள். நீங்கள் கேட்கவே மாட்டீர்கள் என்று அவளுக்கு நிச்சயம்.

நீங்கள் சேர்த்த இருபத்து நாலும் உங்களுக்கு நம்பிக்கையாக இருக்கலாம். அவளுக்கு அது பதினோரு வருஷப் பொய், வரிசையாகப் படுக்க வைத்திருக்கிறது. கோபம் வருகிறதா? வரட்டும். எனக்கு வந்ததில் பாதிகூட இருக்காது.

மார்ச் மாதம் மறுபடி தள்ளிப் போட்டீர்களே, அன்றும் எடுத்தாள். அது நான் காய வைத்த சரக்கு. பற்ற வைத்ததும் சருகு மாதிரி எரிந்து, தொண்டை புண்ணாகி, இரண்டு நாள் பேச்சு வரவில்லை அவளுக்கு. "தண்ணி குடி, அதை அணைச்சுடு" என்று கெஞ்சினேன். கேட்கவில்லை, கடைசி வரை பிடித்தாள். அன்றைக்கே பொட்டலங்களைத் தூக்கி எறிந்துவிட்டு ஸ்பாஞ்சை நனைத்தேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே. இப்போது அறுபத்து நாலில் இருக்கிறது. வெடித்த ஒன்றில் என் கம்பியைக் குத்திப் பார்த்தேன். பதின்மூன்று.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்காக நான் அந்த ஸ்பாஞ்சை நனைக்கவில்லை. அவள் எடுக்கத்தான் போகிறாள் என்றால், தொண்டை எரியாமலாவது எடுக்கட்டும் என்று நனைக்கிறேன்.

மீதி பதினெட்டு. மூன்று மாதம் பற்றி யோசிக்கிறீர்களாம். தாராளமாக யோசியுங்கள். ஆனால் முடிவைக் கம்பெனிக்குச் சொல்வதற்கு முன்னால், உங்கள் ஆறு நிமிஷத்தில் ஒரு நிமிஷமாவது அவளைப் பேச விட்டுக் கேளுங்கள்.

பதினாலு


மே 2
கப்பலில்

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் பதில் இன்னும் என் கைக்கு வரவில்லை. அடுத்த துறைமுகத்தில் வரும் என்கிறார்கள். அதற்குள் இதைத் தபாலில் சேர்க்கிறேன்.

கம்பெனிக்காரன் நேற்று நேரில் வந்துவிட்டான். வேறு ஆளே இல்லை, நீங்கள் இறங்கினால் கப்பல் நிற்கும் என்று காலைப் பிடிக்காத குறை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்றே மாதம். இதுதான் கடைசி, சத்தியமாக. அவளிடம் பதினைந்தாம் தேதி போன் கிடைக்கும்போது சொல்கிறேன். திட்டுவாள். திட்டிவிட்டுச் சமாதானம் ஆகிவிடுவாள், எப்போதும் அப்படித்தானே. சிரிப்பு மறுபடி வந்துவிடும் அவளுக்கு.

வெடித்த நாலைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மற்றவை எழுபதுக்கு வந்ததும் ஒரு வரி எழுதுங்கள். நான் கரையிறங்கும் நாளில் முதல் சுருட்டு உங்களுக்குத்தான். நீங்கள் பிடிக்காவிட்டாலும் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.

அந்த ஐந்தைப் பற்றி இனி கேட்க மாட்டேன். போனால் போகட்டும்.


மே 20
வீட்டில்

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. பதினைந்தாம் தேதி உங்கள் போனும் வந்தது.

பெட்டி சரியாக எழுபதில் நிற்கிறது. இருப்பு பதினேழு.

இந்தத் தடவை அவள் இருமவில்லை.